பந்தலும் நிலையாமையும்

ஒரு நகரத்துப் பொதுப் பூங்காவில், வேனிற்காலம் ஒன்றுக்கு மட்டும் நின்று, குளிர் தொடங்குமுன் பிரித்தெடுக்கப்பட வேண்டிய இலேசான மண்டபம் ஒன்றை அமைத்துத் தரும்படி ஒரு கட்டடக் கலைஞரைக் கேட்டுக்கொண்டால், அவர் அதன்பால் எவ்வளவு சிரத்தை செலுத்துவது முறையாகும்? தொழில் சம்பந்தமான சில்லறைக் கேள்வி என்று இதை ஒதுக்கிவிடலாம் போல் முதலில் தோன்றும். ஆயினும், நம் தேசத்துச் சமயவாதிகள் தலைமுறை தலைமுறையாக நுணுகி நுணுகி வாதித்துவந்த பெரியதொரு விசாரம் அந்தச் சிறு மண்டபத்துக்குள் அடங்கியிருக்கிறது. அழியப்போவது நிச்சயம் என்று முன்னரே தெரிந்துகொண்டு ஒரு பொருளை ஆக்குகிறவன், அந்தப் பொருளினிடத்தில் எவ்விதம் நடந்துகொள்ள வேண்டும் என்பதே அந்த விசாரம்.

இதற்கு உலகம் சாதாரணமாகத் தரும் விடைகள் இரண்டு. "நாலு நாள் நிற்கப்போவதற்கு இது போதாதா?" என்பது ஒன்று; "இவ்வளவு அழகாகச் செய்துவிட்டு இதைப் பிரிப்பதாவது? இருந்துவிட்டுப் போகட்டுமே!" என்பது மற்றொன்று. முன்னது அலட்சியத்தின் குரல். பின்னது பற்றின் குரல். ஒன்றுக்கொன்று நேர் விரோதமாகத் தோன்றினாலும் இவ்விரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே. ஒரு பொருளின் மதிப்பு அது நிலைத்திருக்கும் கால அளவைப் பொறுத்தது என்ற எண்ணந்தான் இரண்டையும் பெற்றெடுத்தது. அந்த எண்ணம் பிழையானது என்பதும், நிற்கும் விதத்தைப் போலவே நீங்கும் விதமும் ஒரு கட்டடத்தின் தர்மத்தில் சேர்ந்தது என்பதும், பொதுவிடத்தில் எழும் கட்டடத்துக்கு அந்த இரண்டாவது தர்மமே தலையாயது என்பதும் என் அபிப்பிராயம்.

லண்டன் மாநகரில் கென்ஸிங்டன் கார்டன்ஸ் என்னும் அரச பூங்காவில், 1934-ஆம் ஆண்டு தேநீர் விடுதியாகக் கட்டப்பட்டு, 1970 முதல் செர்பென்டைன் என்ற பெயருடைய கலைக்கூடமாக விளங்கிவரும் கட்டடம் ஒன்று உண்டு. 2000-ஆம் ஆண்டில் அதன் நிர்வாகிகள், ஒரு விருந்து நிகழ்ச்சியை முன்னிட்டு, ஈராக்கில் பிறந்த ஸாஹா ஹதீத் என்ற கலைஞரைக் கொண்டு பக்கத்துப் புல்தரையில் ஒரு கூடாரம் அமைத்தார்கள். சொற்ப காலத்துக்கென்று எழுந்த அந்த முக்கோண மடிப்புக் கூரை காண்போர் உள்ளத்தைக் கவர்ந்துவிட்டபடியால், விருந்து முடிந்த பின்னரும் சில மாதங்கள் நின்றது. அதுவே வழக்கமாயிற்று. இங்கிலாந்தில் அதுவரை ஒரு கட்டடமேனும் முடித்திராத புகழ்பெற்ற கலைஞர் ஒருவரை ஆண்டுதோறும் அழைப்பது, அழைத்த நாளிலிருந்து ஏறக்குறைய ஆறு மாதத்துக்குள் மண்டபத்தை எழுப்புவது, கோடை கழிந்ததும் அகற்றிவிடுவது என்று நியமங்கள் ஏற்பட்டன. பிரேஸில் தேசத்தில் ஒரு தலைநகரையே கட்டிமுடித்த ஆஸ்கார் நீமையர், 2003-ஆம் ஆண்டில், தம் 95-ஆவது வயதில், ஒரு கோடைக்காலமே நிற்கப்போகும் இந்தச் சிறு வேலையை ஒப்புக்கொண்டார். வாழ்நாள் முழுவதும் கான்கிரீட்டில் காலத்தை வெல்ல முயன்றவர் என்று சொல்லத்தக்க அந்த முதியவர், அதை அற்பமென்று கருதவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

அந்தப் பூங்காவை ஒட்டியிருக்கும் ஹைட் பார்க்கிலேதான் 1851-ஆம் ஆண்டில் உலகப் பொருட்காட்சிக்கென்று பளிங்கு மாளிகை எழுந்தது. பொதுமக்களின் பூங்காவை ஆக்கிரமிக்கலாகாது என்று அன்று பெரும் ஆக்ஷேபம் கிளம்பிற்று. காட்சி முடிந்தவுடன் கட்டடத்தை அகற்றிவிடுவதாக வாக்குக் கொடுத்த பிறகே அனுமதி கிடைத்தது. அங்கே வளர்ந்திருந்த பழைய எல்ம் மரங்களை வெட்டுவதா என்ற சண்டை பார்லிமெண்டு வரையில் போயிற்று. அந்த மாளிகையை வகுத்த ஜோசப் பாக்ஸ்டன் படித்துப் பட்டம் பெற்ற கட்டடக் கலைஞர் அல்லர். தோட்டக்காரராக வாழ்க்கையைத் தொடங்கி, கண்ணாடி வீடுகளில் அயல்நாட்டுச் செடிகளை வளர்த்துப் பழகியவர். மரங்களை வெட்டாமல், அவற்றுக்கு மேலே உயர்ந்த வளைவுக் கூரையைத் தூக்கி, மரங்களையும் மாளிகைக்குள்ளேயே நிற்க வைத்துவிட்டார். 1,848 அடி நீளமுள்ள அந்த மாளிகை, ஒரே அளவான இரும்புத் தூண்களையும் கண்ணாடித் தகடுகளையும் திரும்பத் திரும்ப அடுக்கிச் செய்யப்பட்டமையால், பூட்டியதைப் போலவே கழற்றவும் இயன்றது. மே முதல் அக்டோபர் வரையில் அறுபது லட்சம் மக்கள் அதற்குள் நடந்தார்கள்.

பிறகு பற்று வந்தது. இதைப் போய்ப் பிரிப்பதா என்ற ஏக்கம் பரவிற்று. பார்லிமெண்டு இணங்காமையால் 1852-இல் மாளிகை ஹைட் பார்க்கை விட்டு அகன்றது. ஆனால் ஒரு கம்பெனியார் அதை விலைக்கு வாங்கி, ஸிடன்ஹாம் என்ற குன்றின்மேல் முன்னிலும் பெரிதாக நிரந்தரமாகவே கட்டி, 1854-இல் திறந்தார்கள். சங்கீதக் கச்சேரிகளாலும் தோட்டங்களாலும் அங்கும் மக்களுக்கு நன்மை விளைந்தது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் அந்த நிரந்தர வாழ்வு கடனும் கவலையுமாகவே கழிந்து, 1936-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி இரவு நெருப்புக்கு இரையாகி முடிவடைந்தது. ஸிடன்ஹாமில் நின்ற எண்பத்திரண்டு ஆண்டுகளை விட ஹைட் பார்க்கில் நின்ற ஒரு பருவமே சரித்திரத்தில் இடம்பெற்றிருக்கிறது. கென்ஸிங்டன் பூங்காவில் ஆல்பர்ட் இளவரசருக்குக் கல்லாலும் உலோகத்தாலும் எழுப்பிய ஞாபகச் சின்னம் இன்றும் நிற்கிறது. அதில் பொன் முலாம் பூசி வீற்றிருக்கும் இளவரசரின் கையில் இருப்பது 1851-ஆம் ஆண்டுப் பொருட்காட்சியின் விவரப் புத்தகம். நிரந்தரமாக நிற்பது, தற்காலிகமாக நின்றுபோனதன் பெருமையைக் கையில் ஏந்தியே தன்னை அறிமுகம் செய்துகொள்கிறது.

இனி, சமயங்கள் தாமே தற்காலிகக் கட்டடத்தை எவ்வாறு மதித்தன என்று பார்ப்போம். யூதர்களின் கூடாரப் பண்டிகையில், அறுவடைக் காலத்தில், ஏழு நாள் வீட்டை விட்டு ஒரு குடிலில் தங்கி உண்ண வேண்டுமென்பது விதி. அந்தக் குடிலுக்கு அவர்களுடைய ஆசாரியர்கள் வகுத்த இலக்கணம், கட்டடக் கலை மாணவன் ஒவ்வொருவனும் அறியத்தக்கது. கூரை, மண்ணில் முளைத்து மண்ணிலிருந்து அறுக்கப்பட்ட தழையாலோ கழியாலோ ஆனதாக இருக்க வேண்டும்; தகரமும் ஓடும் உதவா. உள்ளே வெயிலை விட நிழல் மிகுந்திருக்க வேண்டும். ஆயினும் இரவில் நட்சத்திரங்கள் கண்ணுக்குத் தெரியுமளவுக்கு இடைவெளி இருப்பது சிறப்பு. உயரம் இருபது முழத்துக்கு மேற்பட்டால் அந்தக் குடில் செல்லாது; அவ்வளவு உயரத்துக்கு எழுப்ப வேண்டுமானால் உறுதியான நிரந்தரக் கட்டடமாகச் செய்ய நேரும் என்று அவர்களுள் ஒருவர் காரணம் கூறினார். அதாவது, ஸ்திரத்தை வேண்டும் உயரமே அங்கே குற்றம். காற்றுக்குத் தாங்காத குடில் எவ்வாறு செல்லாதோ, அவ்வாறே நிரந்தரக் கட்டடமாக எழுப்ப வேண்டிய அளவுக்கு உயர்ந்த குடிலும் செல்லாது. இவ்விரண்டு எல்லைகளுக்கும் இடையே கட்டுவதுதான் வித்தை.

நம் ஆகமங்களில் இதற்கு ஈடாகச் சொல்லத்தக்கது யாகசாலை. கருங்கல் விமானம் வானளாவ நிற்கும் ஆலயத்தில், பன்னிரண்டு ஆண்டுக்கொரு முறை கும்பாபிஷேகம் வரும்போது, பிராகாரத்தில் மூங்கிலும் கீற்றும் கொண்டு ஒரு சாலை எழுகிறது. மூலஸ்தானத்து மூர்த்தியின் சாந்நித்தியத்தைக் கலாகர்ஷணம் என்னும் கிரியையால் நூல் சுற்றிய கும்பத்தில் எழுந்தருளச் செய்து, அந்தக் கும்பத்தை இந்தக் கீற்றுச் சாலையில் வைத்துத்தான் காலந்தோறும் பூஜிக்கிறார்கள். கிழக்கில் சதுரம், தெற்கில் அரைச்சந்திரன், மேற்கில் வட்டம், வடக்கில் தாமரை என்று திசைக்கொரு வடிவமாகக் குண்டங்களை முழக்கோல் பிடித்து அளந்து அமைக்கிறார்கள். விரற்கடை அளவு பிசகினாலும் ஆசாரியர் ஒப்புக்கொள்ள மாட்டார். கல்லில் உறையும் இறைவன், கல்லைப் புதுப்பிக்கும் பொருட்டுச் சில நாள் ஓலைக்கு அடியில் வந்து குடியிருக்கிறான். கும்பம் விமானத்துக்கு ஏறிய பின் அந்தச் சாலையைப் பிரித்துவிடுகிறார்கள். பிரித்ததற்காக ஒருவரும் துக்கப்படுவதில்லை. பிரிக்கப்போகிறோமே என்று அளவில் ஒருவரும் குறைவைப்பதுமில்லை. கால அளவைக் கொண்டு மதிப்பை அளக்காத மனோபாவத்துக்கு இதைக் காட்டிலும் தெளிவான பிரமாணம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அதே யாகசாலை அலட்சியத்தின் விலையையும் நமக்குக் காட்டியிருக்கிறது. 1997-ஆம் ஆண்டு ஜூன் மாதம் தஞ்சைப் பெரிய கோயில் கும்பாபிஷேகத்தின்போது, யாகசாலைப் பந்தலில் தீப்பற்றி, நெருப்பிலும் நெரிசலிலும் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். குண்டத்தின் அளவில் காட்டிய சிரத்தையைக் கூரையிலும் வெளியேறும் வாயிலிலும் காட்ட வேண்டும் என்பதை அந்த நாள் மறக்கவொண்ணாதபடி கற்பித்துவிட்டது. பந்தல் சில நாள் நிற்பதுதான். அதன்கீழ் அமர்கிறவர்களுடைய உயிர் அப்படிப்பட்டதன்று. தற்காலிகம் என்ற சொல்லைச் சால்ஜாப்பாக வைத்துக்கொள்கிறவர்கள், பொருளின் ஆயுளை மனிதரின் ஆயுளோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள்.

தத்துவ சாஸ்திரங்கள் இவ்விஷயத்தில் என்ன தீர்ப்பு வழங்கும்? வேதாந்தி, மூன்று காலத்திலும் பாதிக்கப்படாததே சத்தியம் என்று இலக்கணம் வகுத்தவர். அந்தத் துலாக்கோலில் ஏற்றினால், ஆயிரம் ஆண்டு நின்ற கோபுரமும் மூன்று மாதம் நிற்கும் துணிக் கூரையும் ஒரே தட்டில்தான் விழும்; இரண்டுமே வியாவகாரிகம், அதாவது உலக வழக்களவில் மட்டும் உண்மை. நித்தியத்துக்கும் அநித்தியத்துக்கும் உள்ள பேதம் கடக்கவொண்ணாதது. அநித்தியத்துக்குள் ஒன்று மற்றொன்றை விட நித்தியம் என்று பெருமை பேசுவதற்கு இடமே இல்லை. இதனால் கல்லின் கர்வம் அடங்குகிறது. அதே சமயத்தில், வியவகாரத்தில் இருக்கும்வரை வியவகாரத்தின் விதிகளுக்கு உட்பட்டே நடக்க வேண்டுமென்று வேதாந்தி சொல்வதால், கூரையைத் தாறுமாறாகக் கட்டுவதற்கு அவரிடம் அனுமதி கிடைக்காது. பௌத்தரோ, க்ஷணந்தோறும் எல்லாம் தோன்றி மறைகின்றன என்பவர். அவர் பார்வையில் கோபுரம் தான் மறைந்துகொண்டிருப்பதை ஒளிக்கிறது. பந்தல் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறது.

என்றாலும் என் மனத்துக்கு மிகவும் உவப்பானது சைவ சித்தாந்தியின் விடையே. உள்ள பொருள் ஒருநாளும் இல்லாமற் போவதில்லை. காரியம் தன் காரணத்தில் ஒடுங்குகிறது, மீண்டும் அதிலிருந்து தோன்றுகிறது என்ற சற்காரியவாதத்தை அவர் கைக்கொண்டவர். பந்தலைப் பிரித்தால் பந்தல் சூனியமாகிவிடுவதில்லை. கழி கழியாகவும் கயிறு கயிறாகவும் மீள்கிறது. அடுத்த பந்தலுக்குரிய சக்தி அவற்றில் அடங்கிக் கிடக்கிறது. ஜப்பான் தேசத்தில் இஸே என்னுமிடத்துத் தேவாலயத்தை இருபது ஆண்டுக்கொரு முறை பக்கத்து மனையில் புதிதாகக் கட்டிப் பழையதைப் பிரித்துவிடுகிறார்கள். 2013-இல் நடந்தது 62-ஆவது முறை. அப்படிப் பிரித்தெடுத்த பெருந்தூண்கள் அங்கே உஜி என்ற பாலத்தின் தோரண வாயில்களாகின்றன. சித்தாந்தி அதைக் கண்டால் புன்னகை புரிவார். அவர் மேலும் ஒன்று சொல்வார். இறைவனுடைய ஐந்தொழிலில் சம்ஹாரமும் ஒன்று. அது கோபத்தின் செயலன்று, பிறந்து பிறந்து களைத்த உயிர்களுக்கு இளைப்பாறுதல் தரும் அருட்செயல். பூங்காவின் புல்தரைக்கும் இது அட்சரம் பிசகாமல் பொருந்தும். கூரையின் கீழ் மாதக்கணக்கில் வெயில் காணாமலும் ஜனங்களின் காலடியில் மிதிபட்டும் வெளிறிப்போன புல், மண்டபம் அகன்ற பிறகே மழையும் வெயிலும் பட்டு மூச்சு விடுகிறது. பிரிப்பதை நாசம் என்று கருதுகிறவர்கள் மண்டபத்தின் பக்கத்தில் நின்று பார்க்கிறார்கள். மண்ணின் பக்கத்தில் நின்று பார்த்தால் அது விசிராந்தி.

இவ்வளவு தூரம் நிலையாமையைப் பற்றிப் பேசினோம். இலேசாக இருத்தல் என்ற குணம் தனியே ஆராயத்தக்கது. இருபதாம் நூற்றாண்டில் அதை ஒரு விரதமாகவே கைக்கொண்டவர் ஜெர்மானியராகிய ஃப்ரை ஓட்டோ. அவருடைய வாலிபப் பிராயத்தில் அவர் தேசத்தை ஆண்டவர்கள், தங்கள் ஆட்சி ஆயிரம் ஆண்டு நிற்குமென்று பறைசாற்றி, தங்கள் கட்டடங்கள் இடிபாடாகக் கிடக்கும் காலத்திலும் கம்பீரமாகத் தோன்ற வேண்டுமென்று கல்லைக் குவித்தார்கள். அந்த ஆட்சி பன்னிரண்டு ஆண்டில் முடிந்தது. யுத்தத்தில் விமானியாக இருந்து, பிரான்ஸில் ஷார்த்ர் என்ற ஊரில் போர்க்கைதியாக அடைபட்ட ஓட்டோ, அந்த முகாமில் பொருளே அகப்படாத நிலையில் கட்ட நேர்ந்ததால், குறைந்த பொருளைக் கொண்டு அதிகமாகச் சாதிப்பது எப்படி என்று சிந்திக்கலானார். 1955-ஆம் ஆண்டு, குண்டுவீச்சில் நொறுங்கிப்போயிருந்த காஸல் நகரத்தில் தேசியத் தோட்டக்கலைக் கண்காட்சி நடந்தபோது, அங்குள்ள பொதுப் பூங்காவில் வாத்தியக்காரர்களுக்கு ஒரு நிழல் அமைக்கும் வேலை அவருக்கு வந்தது.

அவர் செய்தது இவ்வளவுதான்: கூடாரத் தொழிலில் பரம்பரையாக ஈடுபட்டிருந்த ஸ்ட்ரோமையர் கம்பெனியாரின் துணையோடு, ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள பருத்தித் துணியை எடுத்து, எதிரெதிரான இரண்டு மூலைகளைக் கம்பங்களின் உச்சிக்கு உயர்த்தி, மற்ற இரண்டு மூலைகளைத் தரையை நோக்கி இழுத்துக் கட்டினார். அவ்வாறு இழுத்ததும் துணி ஒரு திசையில் கீழ் நோக்கித் தொய்ந்து வளைகிறது. அதற்குக் குறுக்குத் திசையில் மேல் நோக்கிக் குவிந்து வளைகிறது. துணியின் ஒவ்வொரு புள்ளியிலும் இவ்விரண்டு வளைவுகளும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்கின்றன. காற்று மேலே தூக்க வந்தால் ஒரு வளைவு தடுக்கிறது. மேலிருந்து பாரம் அழுத்தினால் மற்றது தாங்குகிறது. தட்டையாகக் கட்டிய துணி காற்றில் படபடத்துக் கிழியும். இப்படி முறுக்கேறிய துணி விறைத்து நிற்கும். வடிவத்தை மேஜைமேல் வைத்து மனம்போல் வரைவதை விட்டு, கம்பிச் சட்டங்களைச் சோப்பு நீரில் தோய்த்தெடுத்து, அவற்றில் படரும் மெல்லிய படலம் தானே கொள்ளும் உருவத்தைக் கவனித்துக் கற்றுக்கொள்வது அவருடைய சம்பிரதாயம். அநாவசியமான பொருள் ஓர் அணுவும் இல்லாமல் நிற்கும் அந்த உருவத்தில், 'நான் செய்தேன்' என்ற அகங்காரத்துக்கும் அதிக இடமில்லை. நம் முன்னோர் அபரிக்கிரகம் என்று சொன்ன விரதத்தை இந்த ஜெர்மானியர் துணியிலும் கயிற்றிலும் அனுஷ்டித்தார் என்று சொன்னால் மிகையாகாது.

ஆனால் இலேசுக்கு ஒரு சோதனை உண்டு. அது கூரையில் இல்லை, தரையில் இருக்கிறது. கனத்த கட்டடம் தன் பாரத்தினாலேயே நிற்கும். இலேசான கட்டடத்தைக் காற்று தூக்கிச் செல்லும். கூரையின்மேல் விரைந்தோடும் காற்று அதை மேல் நோக்கி உறிஞ்சுகிறபடியால், அதைத் தாங்குவதை விடப் பிடித்துவைப்பதே பெரும்பாடு. பிடித்துவைக்க மண்ணைத் தோண்ட வேண்டும். பூங்காவிலோ மண்ணுக்குள் மரங்களின் வேர்கள் பரந்திருக்கின்றன. பெரிய மரங்களுக்கும் வேர்களில் பெரும்பாலானவை மேல் மண்ணில் இரண்டடி ஆழத்துக்குள்ளேயே, கிளைகளின் விரிவையும் தாண்டி, ஓடிக்கொண்டிருக்கும். கடைக்கால் வெட்டினால் அவை அறுபடும். வெட்டாவிட்டாலுங்கூட, சாமான் ஏற்றிவந்த லாரி இரண்டு நாள் அங்கே நின்றால் மண் இறுகி வேர்கள் மூச்சுத் திணறும். இதை அறிந்த கலைஞன் கான்கிரீட் கொட்டாமல், திருகாணி போல் முறுக்கி இறக்கித் திரும்பக் கழற்றக்கூடிய இரும்பு முளைகளையோ, பாரத்தைப் பரப்பிவிடும் பலகைகளையோ, தரைமேல் வைக்கும் எடைகளையோ நாடுவான். அஹிம்சை என்பதற்குக் கட்டட வேலையில் இதுவே நேரான பொருள்.

முன் சொன்ன லண்டன் மண்டபங்கள் இந்தச் சோதனையில் எவ்வாறு தேறின என்பதை அந்தப் புல்தரையே ஒருமுறை வெளிப்படுத்திற்று. 2012-ஆம் ஆண்டு அழைக்கப்பட்ட ஸ்விட்ஸர்லாந்துக் கலைஞர்களான ஹெர்ட்ஸோகும் டி மியூரோனும், சீனக் கலைஞரான அய் வெய்வெய்யும், மேலே புதிதாக ஒன்றை எழுப்புவதற்குப் பதிலாக நிலத்தைத் தோண்டினார்கள். 2000 முதல் 2011 வரையில் நின்று அகன்றதாகக் கருதப்பட்ட பதினொரு மண்டபங்களின் சுவடுகள் கீழே கிடந்தன. பழைய கடைக்கால்கள், நிரப்பிய மண், கேபிள்கள் எல்லாம் வெளிப்பட்டன. அந்தச் சுவடுகளின் கோடுகளையே ஆசனங்களாகவும் படிகளாகவும் தக்கைப் பலகையில் வடித்து, பன்னிரண்டு தூண்களின்மேல், தரையோடு தாழ்ந்த ஒரு நீர்த்தகட்டுக் கூரையை அமைத்தார்கள். பதினொன்று பழையவற்றுக்கு, ஒன்று புதியதற்கு. அந்த மூவரும் சமயவாதிகள் அல்லர். ஆயினும் கர்மத்தைப் பற்றிய உபநியாசமாகவே அதை நான் கருதுகிறேன். செயல் முடிந்துவிட்டது என்று நாம் எண்ணுகிறோம்; அதன் வாசனை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தங்கி, அடுத்த செயலின் அஸ்திவாரமாகிறது. மேலே துணியைப் போல் இலேசாகத் தோன்றிய ஒன்று கீழே கான்கிரீட்டாகக் கனத்திருந்தால் அது துறவின் வேஷமேயன்றித் துறவு அன்று. காவியுடுத்தவரிடம் நாம் கேட்கும் கேள்வியைக் கட்டடத்தினிடமும் கேட்கத்தான் வேண்டும்.

இங்கே நியாயமான ஓர் ஆக்ஷேபம் எழும். நிலையாமையைப் போற்றிப் பேசுவது சொந்த வீடுள்ளவர்களுக்கு எளிது. மழைக்கு ஒழுகும் குடிசையை ஆண்டுதோறும் இழந்து ஆண்டுதோறும் கட்டுகிறவனிடம் போய், அநித்தியம் அழகியது என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? இந்த ஆக்ஷேபத்துக்கு விடை சொல்லத் தகுதி வாய்ந்தவர் வங்காள தேசத்துக் கலைஞர் மரீனா தபஸ்ஸும். அவருடைய நாட்டில், ஜமுனா, மேக்னா முதலிய பேராறுகள் மணல் திட்டுகளை ஆக்குவதும் கரைப்பதுமாக இருப்பதால், அங்கே குடியிருக்கும் ஏழைகள் வெள்ளம் வருமுன் வீட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு வேறு திட்டுக்குப் போகிறார்கள். அவர்களுக்காக மூங்கிலையும் எஃகு இணைப்புகளையும் கொண்டு, சிலர் கூடிப் பூட்டவும் கழற்றவும் ஏற்றதாக, வெள்ளக் காலத்தில் ஏறித் தங்க மேல்தளமும் உடையதாக ஒரு சிறு வீட்டை அவர் வகுத்தார். 2025-ஆம் ஆண்டு கென்ஸிங்டன் பூங்காவில் மண்டபம் அமைக்கும் அழைப்பு அவருக்கே வந்தது. நம் பக்கத்துக் கல்யாணங்களில் கட்டும் ஷாமியானாவை நினைவில் கொண்டு, ஒளி வடிந்து இறங்கும் வளைந்த மரக் கூரைகளையும், அவற்றுள் ஒன்று நகர்ந்து மற்றதோடு சேரும்படியான பொறியையும், நடுவே ஒரு கிங்கோ மரத்தையும் வைத்து அவர் அதைச் செய்தார். இரண்டு வேலைகளையும் அருகருகே நிறுத்திப் பார்த்தால் விடை தானே தெரியும். வறுமையால் வரும் நிலையாமை துன்பம்; அதை நீக்குவதும் குறைப்பதும் நம் கடமை. வல்லமை உள்ளவர்கள் பொதுவிடத்தில் தாமாக ஏற்கும் நிலையாமை தியாகம். அதை வளர்ப்பது நம் கடமை. ஏழைக்கு உறுதியைக் கொடுப்பதும் பூங்காவிலிருந்து உறுதியை விலக்குவதும் ஒரே தர்மத்தின் இரண்டு முகங்கள்.

ஏனெனில் பூங்கா என்பது ஒருவருக்கும் சொந்தமில்லாமல் எல்லோருக்கும் சொந்தமான இடம். எல்லோரும் என்பதில் இன்னும் பிறவாதவர்களும் அடக்கம். இன்று உயிரோடிருப்பவர்கள் அங்கே நிரந்தரமாக எதை நாட்டினாலும், அது பிறக்கப்போகிறவர்களைக் கேளாமல் அவர்கள் இடத்தில் நாட்டியதாகும். அவர்களுக்கு அந்த இடத்தில் வெறும் புல்தரை வேண்டியிருக்கலாம்; வேறொரு மண்டபம் வேண்டியிருக்கலாம். தற்காலிக மண்டபம் அவர்களுடைய உரிமையைப் பறிக்காமல் நம் உவகையைத் தீர்த்துக்கொள்கிறது. விருந்துக்கு வந்தவன் வீட்டுக்காரனுடைய மனம் கோணாமல், உரிய காலத்தில், வைத்தது வைத்தபடி இருக்க விடைபெறுவதைப் போன்றது அது. விருந்தினன் நாலு நாள்தான் தங்குகிறான் என்பதற்காக ஒழுக்கத்தில் குறைந்து நடப்பதில்லை. நன்றாக உபசரித்தார்கள் என்பதற்காக அங்கேயே தங்கிவிடுவதுமில்லை.

ஆகையால், நகரசபைகளில் அமர்ந்து பூங்காக்களைப் பரிபாலிக்கும் கனவான்களுக்கும், அங்கே எதையேனும் எழுப்ப ஆசைப்படும் கலைஞர்களுக்கும் ஒரு விண்ணப்பம். மண்டபத்தின் வரைபடத்தைக் கேட்கும்போதே அதைப் பிரிக்கும் வரைபடத்தையும் கேளுங்கள். எந்த முளை எந்த வேருக்கு எவ்வளவு தூரத்தில் இறங்குகிறது, நெருப்புப் பற்றினால் ஜனங்கள் எந்த வழியாக வெளியேறுவார்கள், கழற்றிய தூண்கள் யாரிடம் போய்ச் சேரும், புல் மீண்டும் முளைக்கும் வரையில் தண்ணீர் ஊற்றுவது யார் பொறுப்பு என்பனவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எழுப்பும் தேதிக்குப் பக்கத்திலேயே அகற்றும் தேதியையும் குறிக்கச் சொல்லுங்கள். அதைக் குறிக்கத் தயங்குகிறவர் எவ்வளவு பெரிய கலைஞராயினும், அவருக்குப் பொதுநிலத்தில் ஒரு முளை அடிக்கவும் அனுமதி கொடுக்கலாகாது.